மோகனத்தில் விழுந்த நிஷாதம்

‘டமார்!’

சமையலறையில் விசாலாக்ஷியின் கையிலிருந்து கரண்டி நழுவியது. உள்ளறையில் தம்புராவோடு உட்கார்ந்திருந்த மருமகள் மஹதிக்குப் பாதி ஸ்வரம் தொண்டையிலேயே நின்றுபோயிற்று. சவரம் செய்துகொண்டிருந்த அவள் புருஷன் சந்திரமௌலி ஒரு கன்னத்து நுரையோடு கூடத்துக்கு ஓடி வந்தான்.

கொலு சரிந்திருந்தது. முழுக்க இல்லை, மூன்றாம் படியின் ஒரு ஓரம் மட்டும். சீரியல் பல்பு ஒயரை இழுத்து மாட்டப்போன வசுமதி, பலகையையும் சேர்த்து இழுத்துவிட்டாள். இப்போது அவள் கையில் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மை இருந்தது. தலை மட்டும் இல்லை. அது உருண்டு போய் சோபாவுக்கடியிலிருந்து, விபூதிப் பட்டையோடு, அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நவராத்திரி முதல் நாள். கொலு பொம்மை உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வேறு யார் உடைத்திருந்தாலும் விசாலாக்ஷி மயிலாப்பூர் சித்திரக்குளம் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாள். ஆனால் உடைத்தது வசு. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வசுமதி சந்திரமௌலியின் தங்கை. ஜாம்ஷெட்பூரில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவள், பங்குனி மாதத்தில் ஒரு காலை, ஒற்றைப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புருஷனுக்கு வேறு ஒருத்தி. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. வந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. ‘சாப்பிடறயா’ என்றால் தலையாட்டுவாள். ‘வேண்டாமா’ என்றால் அதற்கும் தலையாட்டுவாள். மெட்ராஸ் சென்னை ஆயிற்று, பஸ் போர்டெல்லாம் மாறிற்று. அது கூட அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

அந்த வசு, தலையில்லாத செட்டியாரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் பாடினாள்.

“தலையில்லாத செட்டியாரே, 
தராசை யார்தான் பிடிப்பாரோ? 
பருப்பு கேட்டு ஊரே வந்தால் 
பதில் சொல்ல வாயே இல்லையே!”

முதலில் சந்திரமௌலி சிரித்தான். விசாலாக்ஷி சிரித்தாள், சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “என் கண்ணே! வாயைத் திறந்துட்டாளே! போறது போ, நூறு செட்டியாரை உடை!” என்று பெண்ணைக் கட்டிக்கொண்டாள்.

மஹதியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காதே. ஆனால் மனசுக்குள் ஒரு சின்ன முள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த வீட்டில் பாடுகிறவள் அவள்தான். இதுவரைக்கும்.

*

மஹதி பத்து வயதிலிருந்து பாட்டு கற்றவள். டிசம்பர் சீஸனில் தி.நகர் சபா ஒன்றில் வருஷா வருஷம் அவளுக்கு ஒரு மத்தியானக் கச்சேரி உண்டு. மத்தியானக் கச்சேரி என்றால் தெரியாதா? ஹாலில் இருப்பவர்களைவிடக் கேன்டீனில் அடைக்காகக் காத்திருப்பவர்கள் அதிகம். உள்ளே இருப்பவர்களிலும் பாதிப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஆனாலும் அவள் சுருதி பிசகாது, தாளம் நகராது. “சுத்தமான பாட்டு” என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நவராத்திரியில் மட்டும் அவள் ராணி. கொலு பார்க்க வருகிறவர்களைப் பாடச் சொல்வதும், வீட்டுக்காரர்கள் பதிலுக்குப் பாடுவதும், அப்புறம் சுண்டல், வெற்றிலை பாக்கு என்பதும் வழக்கம். இந்த வீட்டுக்கு வருகிற மாமிகள் தாங்கள் இரண்டு வரி முனகிவிட்டு, “நீ பாடும்மா மஹதி, அதுக்குத்தானே வந்தோம்” என்பார்கள்.

முதல் நாள் சாயங்காலமும் அப்படித்தான் ஆரம்பித்தது. மஹதி கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனையைப் பாடி முடித்தாள். மாமிகள் தலையை ஆட்டினார்கள். அவ்வளவில் விசாலாக்ஷி, சுண்டல் தட்டோடு வந்தவள், “எங்க வசு காத்தால ஒரு பாட்டு கட்டினா பாருங்கோ! வசு, அந்தச் செட்டியார் பாட்டைப் பாடேன்!” என்றாள்.

வசு வெட்கப்பட்டாள். பாடினாள். தொண்டை கரகரத்தது. நடுவில் மூச்சு வாங்கிற்று. மாமிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெசன்ட் நகரிலிருந்து வந்திருந்த கோமளா மாமி, மஹதி பாடுகிற சபாவின் காரியதரிசி மனைவி, “இன்னொரு தரம், இன்னொரு தரம்!” என்று குழந்தை மாதிரி கைதட்டினாள்.

கல்யாணிக்கு யாரும் இன்னொரு தரம் கேட்கவில்லை.

மறுநாள் வசு, செட்டியாருக்கு இரண்டு அடி சேர்த்தாள். அதற்கடுத்த நாள், ஜோடி போய்த் தனியாக நிற்கிற செட்டிச்சி பொம்மை பேசுவதாக ஒரு பாட்டு. பேச்சும் வந்தது. “அம்மா, காப்பில சர்க்கரை போறலை” என்றாள். சர்க்கரை போதவில்லை என்பதற்காகப் பெற்றவள் ஆனந்தக் கண்ணீர் விட்டதை மஹதி அன்றுதான் பார்த்தாள்.

பூக்காரி பொன்மணி தினமும் காலையில் வாசலில் கூடையை இறக்குவாள். மஹதியை அவள் கூப்பிடுவதே ‘பாட்டு மாமி’ என்றுதான். நாலாம் நாள் அவள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

“பாட்டு மாமி உள்ளாற கீறாங்களா?”

“இதோ நிக்கறேனே, கண்ணு தெரியலையா?” என்றாள் மஹதி.

“ஐய, நீ இல்ல மாமி! அந்தப் பாட்டு மாமி. செட்டியாரு பாட்டு. நேத்து படிக்கட்டாண்ட குந்திக்கினு கேட்டேன், சிரிச்சு சிரிச்சு மாளலை. இன்னிக்கி இன்னா பாட்டுன்னு கேளேன்.”

“அவ குளிக்கறா.”

“அப்ப இரு, நான் வெயிட் பண்றேன்.”

“உனக்கு வேற ஆத்துக்குப் பூ போட வேண்டாமா?”

“பூ எங்கே ஓடிடப் போது?” என்று சொல்லிவிட்டுப் பொன்மணி படியில் உட்கார்ந்தே விட்டாள். மஹதி வாங்கிய மல்லிகையை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துப் படாரென்று கதவைச் சாத்தினாள்.

பட்டம் போனால் போகட்டும். அவள் வயிற்றில் எரிந்தது வேறு நெருப்பு.

மூன்று வருஷத்துக்கு முன், அடையாற்றில் ஒரு நர்ஸிங் ஹோமில், மஹதிக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை பிறந்தது. ஆண். அழவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளிடம் முகத்தைக்கூடக் காட்டவில்லை. மூச்சு விடாமல் பிறந்ததற்குச் சடங்கு ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு வைதிகம் பண்ணுகிற வாத்தியார் சொல்லிவிட்டார். பெயரும் இல்லை. “அதைப் பத்திப் பேசப்படாது. அடுத்தது தங்கும்” என்றாள் விசாலாக்ஷி, அன்பாகத்தான். அடுத்தது வரவே இல்லை. சந்திரமௌலியோ, அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, வாசலில் டாக்ஸிக்காரனிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கி அவள் பார்க்கவில்லை. அந்த வருஷமே டிசம்பரில் மேடையேறிப் பாடினாள். “என்ன மனோதிடம்!” என்று மெச்சினார்கள்.

வசு வந்ததும் மஹதி சாதகம் செய்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டால் ரேடியோவை அணைத்தார்கள். அவள் துக்கம் எல்லோருக்கும் தெரிந்த துக்கம். மஹதியுடையது நடக்கவே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. இப்போது வசு அந்த அறையிலிருந்து பாட்டோடு வேறு வெளியே வருகிறாள்! எனக்கு அழவும் தெரியவில்லை, இவளுக்கு அழுகையைப் பாடவே தெரிகிறதே என்று மஹதி பொருமினாள்.

*

ஐந்தாம் நாள் சாயங்காலம் கூட்டம் அதிகம். கோமளா மாமி மறுபடியும் வந்திருந்தாள், கூட இரண்டு பேரை இழுத்துக்கொண்டு. ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்த சந்திரமௌலி, சுவரோரமாக நின்றிருந்தான். மஹதியின் பாட்டு முடிகிற வரைக்கும் அவன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்ததை அவள் கவனித்தாள்.

“இன்னிக்கு செட்டியார் வேண்டாம். வேற ஒண்ணு” என்றாள் வசு. கண்ணை மூடிக்கொண்டாள்.

“ரெண்டு தட்டு வெச்சேன் இன்னிக்கும், 
ஒண்ணைத் திருப்பிக் கவுத்தேன். 
பழக்கம் போகலை, பசியும் இல்லை, 
பாத்திரம் மட்டும் பளபளன்னு...”

யாரும் சிரிக்கவில்லை. வசுவின் குரல் மேலே போய் உடைந்தது. உடைந்த இடத்திலேயே அவள் தொடர்ந்தாள். ஒரு மாமி மூக்கை உறிஞ்சினாள். விசாலாக்ஷி பெண்ணின் முதுகில் கை வைத்தாள்.

மஹதி வசுவைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

ஆக, இவனுக்கு அழ வரும். வராது என்றில்லை. அவளுக்காகத்தான் வரவில்லை!

அன்று ராத்திரி அவன் “தூங்கலையா?” என்று கேட்டதற்கு, “தூங்கிண்டேதான் இருக்கேன்” என்று பதில் சொல்லிவிட்டு மஹதி திரும்பிப் படுத்தாள்.

மறுநாளும் கோமளா மாமி வந்தாள். “எங்க காலனி லேடீஸ் க்ளப்ல இந்தத் தட்டுப் பாட்டை நீ வந்து பாடணும் வசு. நான் சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள். வசுவின் முகம் மலர்ந்தது. பாடினாள். முடித்ததும் மஹதி தேன் தடவின குரலில் கேட்டாள்.

“நன்னா இருக்கு வசு. என்ன ராகம்னு வெச்சிண்டே?”

வசு விழித்தாள். “தெரியலையே மன்னி.”

“மோகனம் மாதிரி ஆரம்பிக்கறது. மோகனத்துக்கு அஞ்சே ஸ்வரம்தான். ‘பழக்கம் போகலை’ங்கற இடத்துல நிஷாதம் வந்து விழறதே? அது மோகனத்துல கிடையாது. வெளியில பாடப் போறயேன்னு சொல்றேன். தெரிஞ்சவா யாராவது இருந்தா சிரிப்பா.”

“அப்படியா?” என்றாள் கோமளா மாமி. நேற்று அழுதுகொண்டு கேட்டவள், இப்போது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஷாதத்தைத் தேடினாள். மற்ற மாமிகளும் தேடினார்கள். மயிலாப்பூரில் யாருக்குத்தான் ராகம் தெரியாது என்று சொல்லிக்கொள்ள மனசு வரும்? “ஆமாமாம், ஏதோ இடறித்து, எனக்கும் பட்டுது” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, “பாவம், கத்துக்கலையோல்லியோ” என்று பரிந்தாள்.

வசு மஹதியின் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். எழுந்து வெற்றிலைத் தட்டை எடுத்துவரப் போனாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாட்டு நின்றது. மறுநாள் கேட்டதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்றாள். அதற்கடுத்த நாள் கேட்டதற்குத் தலையாட்டினாள். லேடீஸ் க்ளப்புக்கும் போகவில்லை. காப்பியில் சர்க்கரை போதாவிட்டாலும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள்.

கொலுவில் மறுபடி மஹதி பாடினாள். மறுபடி எல்லோரும் “சுத்தம்” என்றார்கள். அவள் ஜெயித்துவிட்டாள். அந்த ஜெயம் வாயில் வெறும் சுண்ணாம்பாக எரிந்தது. சரஸ்வதி பூஜைக்குத் தம்புராவைத் துடைத்துச் சந்தனம் வைத்தபோது, “வசுவுக்கு என்னடி ஆச்சு? நன்னாத்தானே இருந்தா!” என்று விசாலாக்ஷி புலம்பினாள். மஹதி குங்குமச் சிமிழைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

விஜயதசமியன்று காலை விசாலாக்ஷி கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். சந்திரமௌலிக்கு லீவு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மஹதியிடம் புதிதாகப் பாட்டு ஆரம்பிக்க வந்த குழந்தைகள் சாக்லெட் வாங்கிக்கொண்டு போன பிறகு, வசு உள்ளே வந்தாள். கையில் தட்டு. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு.

“எனக்கும் ஆரம்பிச்சு வைங்கோ மன்னி. சரியாப் பாடக் கத்துக்கறேன்.”

மஹதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசு அவளைவிட ஒரு வயது பெரியவள். ஆனாலும் நமஸ்காரம் பண்ணிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுக்க வழியில்லை. தம்புராவை மீட்டி, “ஸ ரி க ம...” என்று ஆரம்பித்தாள் மஹதி.

“ஸ ரி க ம” என்றாள் வசு.

ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் நின்றது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் பிசகில்லை. சொன்னதைச் சொன்ன மாதிரியே, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் பாடினாள். கண் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை மஹதிக்குத் தெரியும். நர்ஸிங் ஹோம் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் பார்த்த பார்வை அது. அதே பார்வையோடுதான் அவள் மூன்று வருஷமாக மேடையேறுகிறாள்.

மஹதியின் விரல் தந்தியை விட்டது.

“போறும். நிறுத்து.”

“தப்பா மன்னி?”

“தப்பே இல்லை. அச்சா என்னை மாதிரியே பாடறே. அதான் தாங்கலை.” மஹதி தம்புராவைக் கீழே சாய்த்தாள். “தட்டுப் பாட்டு மறந்துபோச்சா?”

“அதுல நிஷாதம் தப்புன்னேளே.”

“ராகத்துக்குத்தான் தப்பு. பாட்டுக்கு அதுதான் உசிர். எனக்குக் கேட்டப்பவே தெரியும். தெரிஞ்சுண்டேதான் நாலு பேருக்கு நடுவுல சொன்னேன். வயத்தெரிச்சல்டி எனக்கு!”

“தெரியுமே” என்றாள் வசு.

“தெரியுமா?”

“ஜாம்ஷெட்பூர்ல நான் படாத வயத்தெரிச்சலா? இன்னொருத்தர் மூஞ்சில பார்த்தா அடையாளம் தெரியாதா எனக்கு?”

மஹதிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு ஏதோவாக மாறிற்று. “அப்போ என்னை நாலு வார்த்தை திட்டறதுதானே? எதுக்குப் பாட்டை நிறுத்தினே?”

“அண்ணா அழுதானே, அப்போ உங்களைப் பார்த்தேன். வயத்தெரிச்சல் மட்டும் இல்லை அந்த முகத்துல. பசிக்கறவா முன்னாடி உக்காந்துண்டு நான் மட்டும் சாப்பிட்ட மாதிரி இருந்தது.”

மஹதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

“வசு, எனக்கு ஒண்ணு கட்டித் தாயேன். எத்தனையோ கீர்த்தனை தெரியும் எனக்கு. இதைச் சொல்ல ஒண்ணுகூட இல்லை.”

“கொழந்தைக்கா மன்னி?”

அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாராவது சொல்லி மூன்று வருஷம் ஆயிற்று. மஹதி தலையை ஆட்டினாள். இப்போது அவள்தான் பேசாமல் தலையாட்டினாள்.

வசு கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தம்புராவைத் தன் பக்கம் இழுத்து, பழக்கமில்லாத விரலால் ஒரு தந்தியை மட்டும் தட்டினாள். ஏதோ ஒரு மெட்டை முனகினாள். எந்த ராகத்திலும் சேராத மெட்டு. மஹதி திருத்தவில்லை. மெட்டு கீழே இறங்கி, ஒரு இடத்தில் யாரையோ கூப்பிடுவது போல் மேலே ஏறி நின்றது. “இங்க பேர் வரணும்” என்றாள் வசு. “நீங்களே பாடுங்கோ. அவனை என்னன்னு கூப்பிடறது?”

“பேரே இல்லையேடி அவனுக்கு” என்றாள் மஹதி. குரல் உடைந்தது. அவள் பாட்டு வாழ்க்கையில் முதல் தடவையாக உடைந்தது. “வைக்கவே விடலையே! சடங்கு இல்லை, அதனால பேரும் இல்லைன்னுட்டாளே! யாருக்குமே அவன் வேண்டாம், என்னைத் தவிர. யாருக்குமே...”

கூடத்தில் பேப்பர் கசங்குகிற சத்தம் கேட்டது. நிலைப்படியில் சந்திரமௌலி நின்றிருந்தான். கண்ணாடி கையில் இருந்தது. அவன் இரண்டு பேரையும் பார்க்காமல், தம்புராவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அன்னிக்கு டாக்ஸில அவனை மடியில வெச்சிண்டு மயானத்துக்கு நான்தானே போனேன்... வழியெல்லாம் சுஹாஸ், சுஹாஸ்னு கூப்பிட்டுண்டே போனேன் மஹதி.”